எண்டேவருக்குப் பின் எது?

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. தண்ணீர் வடிந்த பிறகு, தெருவோரம் நின்ற கார்களின் இருக்கைகளைக் கழற்றி வெயிலில் காயவைத்த வாரங்கள் அவை. அந்த ஈரம் முழுதும் காயுமுன், 2016 ஜனவரியில், ஃபோர்டு தன் புதிய எண்டேவரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விவரக் குறிப்பில் ஒரு வரி இருந்தது: 800 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கிப் போகும். வேறு ஊரில் அது காட்டுக்குள் வண்டி ஓட்டுகிற ஆர்வலர்களுக்கான தகவல். வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் அது வீட்டுக் கவலைக்கான பதில்.

வண்டி உருவான இடமும் பக்கத்திலேதான். ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு நோக்கிப் போகும் வழியில் உள்ள மறைமலை நகர் ஆலையில், தாய்லாந்திலிருந்து வந்த பாகங்களைக் கோத்து அதை உருவாக்கினார்கள். உலகின் பல நாடுகளில் இதே வண்டிக்கு எவரெஸ்ட் என்று பெயர். இங்கே எவரெஸ்ட் என்றால் மசாலாப் பொட்டலம்தான் நினைவுக்கு வரும். எண்டேவர் என்ற பெயரே பொருத்தமாக ஒட்டிக்கொண்டது.

ஆறு ஆண்டுகூட ஆகவில்லை. 2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் இனிமேல் கார் தயாரிப்பதில்லை என்று ஃபோர்டு அறிவித்தது. பத்து ஆண்டுகளில் சேர்ந்த நட்டம் 200 கோடி டாலரைத் தாண்டிவிட்டது என்றது நிறுவனம். சுமார் 4,000 பேரின் வேலை ஆட்டம் கண்டது. ஃபிகோ, ஆஸ்பயர், ஈகோஸ்போர்ட் எல்லாவற்றோடும் எண்டேவரும் நின்றுபோனது. 2022 ஜூலையில் மறைமலை நகரிலிருந்து கடைசி கார் வெளியே வந்தது.

ஃபிகோ வைத்திருந்தவருக்கு மாற்றுத் தேடுவது பெரிய பாடில்லை. அந்த விலையில், அந்த அளவில் கைக்கெட்டும் தூரத்தில் பல வண்டிகள் உண்டு. எண்டேவர்க்காரரின் பாடு வேறு. அவருடைய வண்டி இன்று ஐந்து முதல் பத்து வயதுக்குள் இருக்கிறது. டயர் மாற்றியாயிற்று, பேட்டரி மாற்றியாயிற்று, அடுத்த பெரிய செலவு வருமுன் விற்றுவிடலாமா என்ற யோசனை வீட்டுக்குள் நடமாடுகிறது. விற்றால் எதை வாங்குவது என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடுகிறது.

நின்றுவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. எண்டேவருக்குள் நாலைந்து தனித்தனிக் குணங்கள் ஒரே விலையில் சேர்ந்திருந்தன. லாரிக்கு உள்ளது போன்ற சேஸ், அதற்குச் சம்பந்தமே இல்லாத அமைதியான கேபின், ஏழு இருக்கை, நாலு சக்கர இழுவை, முழு அளவிலான பாதுகாப்பு. இன்றைய சந்தையில் இந்தக் குணங்கள் நாலைந்து வண்டிகளில் சிதறிக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தேடுகிறவர் ஷோரூம் ஷோரூமாக அலைகிறார். இவற்றில் எதைத் தன் குடும்பம் உண்மையில் பயன்படுத்தியது என்று முதலில் கணக்குப் பார்க்கிறவர் இரண்டு சனிக்கிழமைகளில் வேலையை முடித்துவிடுகிறார்.

வண்டி நின்றுபோவது இங்கே புதிதல்ல. ஆனால் எல்லா நிறுத்தமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. 2000இல் வந்த டொயோட்டா குவாலிஸ், விற்பனை நன்றாக நடந்துகொண்டிருந்தபோதே 2005இல் நிறுத்தப்பட்டது. கல்யாண வீட்டு வாசலிலும் சபரிமலை வழியிலும் அதைப் பார்த்துப் பழகியவர்கள் பொருமினார்கள். ஆனால் அதே ஷோரூமில், அதே விற்பனையாளர், இன்னோவாவைக் கொண்டுவந்து நிறுத்தினார். பொருமல் அடங்கிற்று. மிட்சுபிஷி பஜேரோவின் கதை வேறு. திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் உருவான அந்த வண்டிக்கும், 2012இல் வந்த பஜேரோ ஸ்போர்ட்டுக்கும் பின்னால் எதுவும் வரவில்லை. நிறுவனமே சந்தையிலிருந்து மங்கி மறைந்தது. மஹிந்திரா அல்டுராஸ் ஜி4 மூன்றாவது வகை. 2018 நவம்பரில் வந்த அது, கொரியாவின் சாங்யாங் ரெக்ஸ்டனுக்கு மஹிந்திரா பெயர் சூட்டிய வண்டி. விற்கும் நிறுவனம் இங்கே கொடிகட்டிப் பறந்தாலும், அங்கே தயாரித்த சாங்யாங் 2020 முடிவில் திவாலுக்கு மனுப்போட்டது. 2022இல் அல்டுராஸ் நின்றது. எண்டேவரின் நிறுத்தம் பஜேரோ வகை: வண்டியும் போனது, ஷோரூமும் போனது.

இத்தனைக்கும் அந்த வண்டியில் அப்படி என்ன இருந்தது?

2003இல் வந்த முதல் எண்டேவர் ஒரு பிக்கப் வண்டியின் மேல் கூரை போட்ட சங்கதிதான். பின்னால் லீஃப் ஸ்பிரிங், கடைசி இருக்கையில் உட்கார்ந்தவருக்குத் தலையில் இடி. அதை வாங்கியவர்கள் அதன் உருவத்துக்காக வாங்கினார்கள். 2016இன் வண்டி வேறு பிறவி. லீஃப் ஸ்பிரிங் போய்க் காயில் ஸ்பிரிங் வந்தது. பின் அச்சு பக்கவாட்டில் ஆடாமல் பிடித்துவைக்க வாட்ஸ் லிங்க்கேஜ் என்ற இணைப்புக் கம்பி அமைப்பைப் பொருத்தினார்கள். ஜேம்ஸ் வாட் 1784இல் நீராவி எந்திரத்துக்காகக் காப்புரிமை பெற்ற அதே வடிவியல். கேபினுக்குள் ஒலிபெருக்கிகளே எதிர் ஒலியலை எழுப்பி எஞ்சின் இரைச்சலைக் குறைக்கும் ஏற்பாடு இருந்தது. ஸ்டீயரிங் மின்விசையில் இயங்கியதால், கிட்டத்தட்ட 4.9 மீட்டர் நீள வண்டியை தி.நகர் சந்துக்குள் திருப்பும்போதும் தோள் வலிக்கவில்லை. உயர்ந்த வகையில் ஒரு பொத்தானை அழுத்தினால் மூன்றாவது வரிசை தானாக மடிந்து தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும். 2015இல் ஆஸ்திரேலிய மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம். தரைக்கும் வண்டி வயிற்றுக்கும் 225 மில்லிமீட்டர் இடைவெளி.

எஞ்சின் இரண்டு. 2.2 லிட்டரில் நாலு சிலிண்டர், 160 குதிரைத்திறன். 3.2 லிட்டரில் ஐந்து சிலிண்டர், 200 குதிரைத்திறன், 470 நியூட்டன் மீட்டர் டார்க். ஐந்து சிலிண்டருக்கென்று ஒரு தனி உறுமல் உண்டு. ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார். 2020 பிப்ரவரியில் பி.எஸ்.6 மாசு விதிக்காக இரண்டையும் எடுத்துவிட்டு 170 குதிரைத்திறன் கொண்ட 2 லிட்டர் எஞ்சினையும் பத்து கியர் ஆட்டோமேட்டிக்கையும் கொடுத்தார்கள். பத்து கியர் என்பது இந்தியாவில் அப்போது புதுமை. இருந்தாலும் ஐந்து சிலிண்டர்க்காரர்கள் அதைச் சின்ன வீட்டுப் பிள்ளையாகவே பார்த்தார்கள்.

2016இல் தொடக்க விலை 24.75 லட்சம். மேலே சொன்ன பட்டியலோடு இந்த எண்ணையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தப் பிரியம் முழுசாகப் புரியும்.

மாற்று என்றதும் முதலில் எல்லோர் வாயிலும் வருவது ஃபார்ச்சூனர். பெங்களூருக்கு அருகே பிடதியில் உருவாகும் இந்த டொயோட்டா 2009இலிருந்து இங்கே இருக்கிறது. இப்போதைய தலைமுறை 2016 நவம்பரில் வந்தது. 2021 ஜனவரியில் அதன் 2.8 லிட்டர் டீசல் எஞ்சினை 204 குதிரைத்திறனுக்கும், ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டருக்கும் உயர்த்தினார்கள். காகிதத்தில் எண்டேவரை விஞ்சிய வண்டி. சேஸ் உண்டு, நாலு சக்கர இழுவை உண்டு, ஏழு இருக்கை உண்டு. டொயோட்டா சர்வீஸ் சென்டர் சின்ன ஊர்களிலும் உண்டு. இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஃபார்ச்சூனரை விற்கப் போனாலும் புரோக்கர் முகம் சுளிக்கமாட்டார்.

ஆனால் எண்டேவரிலிருந்து இறங்கி ஃபார்ச்சூனரில் ஏறுகிறவர் முதல் பத்து நிமிடத்திலேயே மூன்று வேறுபாடுகளை உணர்வார். ஸ்டீயரிங் ஹைட்ராலிக், கனமானது. மேடு பள்ளத்தில் பின்வரிசை குலுங்கும். மூன்றாவது வரிசை இருக்கைகள் தரையில் மடியாது. இரண்டு பக்கமும் தூக்கிக் கட்டிவைக்க வேண்டும், டிக்கியின் அகலம் அப்படியே குறைந்துவிடும். ஊருக்குப் போகும்போது அரிசி மூட்டை, வரும்போது தேங்காய் மூட்டை என்று பழகிய குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. தண்ணீரில் இறங்கும் ஆழமும் 700 மில்லிமீட்டர்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஃபார்ச்சூனரின் விலையில் ஒரு பகுதி இரும்புக்கு, ஒரு பகுதி மரியாதைக்கு. பின்னால் வெள்ளை ஃபார்ச்சூனர் வந்தால் உள்ளே இருப்பது யாராயிருந்தாலும் வழிவிடத் தோன்றுகிற நாடு இது. கரை வேட்டிக்கும் அந்த வண்டிக்கும் உள்ள உறவு விளம்பரம் இல்லாமலே வளர்ந்தது. கடல் தாண்டினால் கதை தலைகீழ்: ஆஸ்திரேலியாவில் எவரெஸ்ட் நன்றாக விற்கிறது, ஃபார்ச்சூனரை 2026 நடுவில் விலக்கிக்கொள்வதாக டொயோட்டா அங்கே அறிவித்துவிட்டது. ஒரு வண்டி நல்லதா என்பதும் ஒரு வண்டி விலைபோகுமா என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். ஃபார்ச்சூனர் இந்தியாவில் இரண்டாவது கேள்விக்கு ஆணித்தரமான பதில். ஏழெட்டு ஆண்டில் மாற்றிவிடுவேன் என்பவருக்கு அது போதும். பாட்டியோடும் பேரக்குழந்தைகளோடும் மாதமிருமுறை ஊருக்குப் போகிறவர், வாங்குமுன் பின்வரிசையில் தானே ஒருமணி நேரம் உட்கார்ந்து பார்ப்பது நல்லது.

இதே வரிசையில் மற்றவர்களைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். எம்.ஜி. குளோஸ்டர் 2020 அக்டோபரில் வந்தது. கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் நீளம், எண்டேவருக்கு நிகரான சொகுசு, இரட்டை டர்போவில் 215 குதிரைத்திறன். தானாக பிரேக் போடுவது போன்ற ஓட்டுநர் உதவிகளை இந்த வகை வண்டிகளில் இங்கே முதலில் கொண்டுவந்ததும் அதுதான். அதன் அடுத்த வடிவமான மெஜஸ்டரை 2025 ஜனவரியில் டெல்லிக் கண்காட்சியில் காட்டினார்கள். எண்டேவரின் குணத்துக்கு மிக அருகில் நிற்பது குளோஸ்டர்தான் என்று தயங்காமல் சொல்லலாம். விற்கப் போகும்போது என்ன கிடைக்கும் என்ற இடத்தில்தான் தயக்கம் வருகிறது. ஃபோர்டில் சூடுபட்டவர்களுக்கு அந்தத் தயக்கம் இரட்டிப்பு. இசுஸு எம்.யு.-எக்ஸ் சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லைக்குள் ஸ்ரீசிட்டியில் உருவாகிறது. முதலில் இருந்த 3 லிட்டர் எஞ்சின் பி.எஸ்.6 வந்தபோது 1.9 லிட்டராகச் சுருங்கி, 163 குதிரைத்திறனில் நின்றது. உழைக்கும் வண்டி, அலங்காரம் குறைவு. 2021இல் 33 லட்சத்துக்கு மேல் விலை வைத்தபோதே, இந்தப் பணத்துக்கு இது கொஞ்சம் எளிமைதான் என்று தோன்றியது.

ஜீப் மெரிடியனும் ஸ்கோடா கோடியாக்கும் சேஸ் இல்லாத மோனோகாக் வண்டிகள். கார்போல உடலும் அடித்தளமும் ஒன்றானவை. மெரிடியன் 2022 மே மாதம் புனே அருகே ரஞ்சன்காவிலிருந்து 170 குதிரைத்திறன் டீசலோடு வந்தது. ஓட்டுபவருக்கு விருந்து, மூன்றாவது வரிசைக்காரருக்குத் தண்டனை. கோடியாக்கின் புதிய தலைமுறை 2025 ஏப்ரலில் 46.89 லட்சத்தில் தொடங்கியது. பெட்ரோல் மட்டும்தான். நேர்த்தியில் மற்றவற்றுக்கு ஒரு படி மேல். ஆனால் எண்டேவர்க்காரர் தேடுகிற அந்தத் தடித்த உடம்பு அதில் கிடையாது.

இனி விலைப் படியில் ஒரு படி இறங்க வேண்டும். பலருக்கு இந்த இறக்கம் கௌரவக் குறைவாகப் படுகிறது. ஆனால் விஷயம் இங்கேதான் சுவையாகிறது.

மறைமலை நகரிலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே, பரனூர் பக்கம், மஹிந்திரா சிட்டிக்குள் மஹிந்திராவின் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஃபோர்டும் மஹிந்திராவும் பழைய சம்பந்திகள். 1995இல் ஃபோர்டு இந்தியாவுக்கு வந்ததே மஹிந்திராவின் கூட்டாளியாகத்தான். பிரிந்தவர்கள் 2017இல் மறுபடி பேசத் தொடங்கினார்கள். 2019 ஏப்ரலில், மஹிந்திராவின் அடித்தளத்தில் இருவரும் சேர்ந்து ஒரு நடுத்தர எஸ்யூவி உருவாக்குவதாக அறிவித்தார்கள். அக்டோபரில், ஃபோர்டின் இந்தியத் தொழிலில் 51 சதவீதம் மஹிந்திராவுக்கு என்று கூட்டு நிறுவன ஒப்பந்தமே போட்டார்கள். 2020 டிசம்பர் 31 அன்று அது முறிந்தது. அடுத்த ஒன்பது மாதத்துக்குள் ஃபோர்டு வெளியேற்றத்தை அறிவித்தது. மஹிந்திரா எக்ஸ்யூவி 700-ஐ அறிமுகப்படுத்தியது. சம்பந்தம் கூடியிருந்தால், எண்டேவர்க்காரருக்கு ஃபோர்டு ஷோரூமிலேயே மஹிந்திரா ரத்தம் ஓடும் ஒரு எஸ்யூவியைக் காட்டியிருப்பார்கள். அதே எஞ்சினியர்களின் வண்டியை வேறு முத்திரையோடு வாங்குவதில் என்ன குறைச்சல்?

எக்ஸ்யூவி 700-இன் டீசல், ஆட்டோமேட்டிக்கில் 185 குதிரைத்திறன், 450 நியூட்டன் மீட்டர் தருகிறது. 3.2 லிட்டர் எண்டேவருக்குச் சில அடி பின்னால்தான் நிற்கிறது. சேஸ் கிடையாது, அதனால் எடை குறைவு, மைலேஜ் கூடுதல், வளைவில் சாய்வு குறைவு. 2021 நவம்பரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கியது. மூன்றாவது வரிசை குழந்தைகளுக்கு. மாமனாரை அங்கே உட்காரச் சொன்னால் உறவு கெடும்.

சேஸ் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவருக்கு ஸ்கார்ப்பியோ-என். 2022 ஜூன் 27 அன்று அறிமுகமாகி, ஜூலை 30 அன்று முன்பதிவு திறந்த அரைமணி நேரத்தில் ஒரு லட்சம் பேர் பணம் கட்டிய வண்டி. 175 குதிரைத்திறன் டீசல், தாழ்ந்த கியரோடு முழுமையான நாலு சக்கர இழுவை. அடியில் குனிந்து பார்த்தால் ஒரு பழைய சிநேகிதர் தென்படுவார்: பின் அச்சைப் பிடித்திருப்பது அதே வாட்ஸ் லிங்க்கேஜ். எண்டேவரின் பின்னிருக்கை அமைதிக்குக் காரணமான அந்தக் கம்பி, பாதி விலை வண்டி ஒன்றில் வந்து உட்கார்ந்திருக்கிறது. குறை எங்கே என்றால் டிக்கியில். மூன்றாவது வரிசையை நிமிர்த்திவைத்தால் பின்னால் ஒரு பை வைக்கக்கூட யோசிக்க வேண்டும். ஏழு பேரும் ஏழு பேரின் துணிமணியும் என்றால் கூரையில் கேரியர்தான். குழந்தைகள் பாதுகாப்புக்கு அதே குளோபல் என்கேப் தந்தது மூன்று நட்சத்திரம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

அந்தக் கணக்கில் டாடா சஃபாரி முந்துகிறது. 2023 அக்டோபரில் பெரியவர், குழந்தை இரண்டுக்கும் ஐந்து நட்சத்திரம். 1998இலிருந்து ஓடி 2019இல் நின்ற பழைய சஃபாரியும் பலரால் நேசிக்கப்பட்ட வண்டிதான். 2021இல் அதே பெயரோடு வந்தது லேண்ட் ரோவர் அடித்தளத்திலிருந்து கிளைத்த மோனோகாக். உள்ளே இடம் தாராளம், மூன்றாவது வரிசையில் வளர்ந்தவர்களும் உட்காரலாம். முன்சக்கர இழுவை மட்டுமே என்பதால் நாலு சக்கரப் பிரியர்கள் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ் பக்கமும் அவர்கள் போகமாட்டார்கள். போக வேண்டியவர்கள் மற்றவர்கள். 2022 முடிவில் வந்த இந்த வண்டி எஸ்யூவி வேடம் போட்ட குடும்பக் கார். பெட்ரோலும் மின்மோட்டாரும் சேர்ந்து 186 குதிரைத்திறன். நிறுவனம் சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு 23.24 கிலோமீட்டர். பத்து கொடுத்தாலே திருப்தி என்று ஐந்து சிலிண்டரோடு வாழ்ந்தவருக்கு அந்த எண் கற்பனைக் கதைபோல் இருக்கும். சாலையில் அதில் பாதிக்குச் சற்றுமேல் வந்தாலும் லாபம்தான். மூன்றாவது வரிசை என்ற ஒன்றை மட்டும் அளவுகோலாக வைத்தால், இங்கே பேசிய எல்லா வண்டிகளையும் இது தோற்கடிக்கும்.

மின்வண்டியையும் ஒதுக்கிவிட முடியாது. 2025 நவம்பரில் மஹிந்திரா எக்ஸ்இவி 9எஸ் என்ற ஏழு இருக்கை மின் எஸ்யூவியை 19.95 லட்சத்தில் தொடங்கியது. வீட்டில் சொந்தமாக நிறுத்தும் இடமும் சார்ஜர் வைக்க வசதியும் இருந்தால் யோசிக்கலாம். அடுக்குமாடியில் சங்கச் செயலாளரிடம் அனுமதி கேட்க வேண்டிய நிலை என்றால், அந்தப் பேச்சு முடிந்த பிறகு யோசிக்கலாம்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தத் தேர்வு முடியாது. ஷோரூம் விலையைப் பார்த்து முடிவெடுக்கிறவர்களைத் தமிழ்நாட்டில் வாழ்நாள் வரி வந்து எழுப்புகிறது. 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு முன்பு 15 சதவீதம். 2023 நவம்பரிலிருந்து 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. 2016இல் 24.75 லட்ச எண்டேவருக்குக் கட்டிய வரி தோராயமாக 3.7 லட்சம். இன்று 40 லட்ச ஃபார்ச்சூனருக்குக் கட்ட வேண்டியது 8 லட்சம். காப்பீடு, இன்னபிற சேர்த்தால் 50 லட்சத்தை நெருங்கும். 2025 செப்டம்பர் 22 அன்று பெரிய எஸ்யூவிகளுக்கான சரக்கு-சேவை வரி, செஸ்ஸோடு 50 சதவீதமாக இருந்தது, 40 ஆகக் குறைந்தது. ஃபார்ச்சூனர் விலை 3.49 லட்சம் வரை இறங்கியது. நல்ல செய்திதான். ஆனாலும் ஒரு காலத்தில் எண்டேவர் நின்ற விலைப் படியே காணாமல் போய்விட்டது. 25 லட்சத்துக்குக் கீழே மஹிந்திரா, டாடா. அதற்கு வெகு மேலே ஃபார்ச்சூனர் கூட்டம். நடுவில் ஹைகிராஸ்போல் ஒன்றிரண்டு தவிரக் காலி. மாற்றுத் தேடுவது கடினமாகத் தோன்றுவதற்கு வண்டிகளின் குணம் பாதிக் காரணம் என்றால், இந்தக் காலி இடம் மீதிப் பாதி.

எனவே கணக்கு வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். கடந்த மூன்று ஆண்டில் நாலு சக்கர இழுவையை எத்தனை முறை போட்டார்கள்? தோட்டமோ பண்ணையோ இல்லாத வீடுகளில் பதில் பெரும்பாலும் ஒன்று, இரண்டு. அதுவும் புதிதாய் வாங்கிய ஜோரில். மூன்றாவது வரிசையில் யார் உட்கார்ந்தார்கள்? வாங்கியபோது பத்து வயதாயிருந்த பையன் இப்போது ஆறடி வளர்ந்திருப்பான். அல்லது வெளியூரில் படிக்கப் போயிருப்பான், இருக்கை காலியாக இருக்கும். ஏறி இறங்குவது யாருக்குச் சிரமம்? 2016இல் கைப்பிடியைப் பிடித்துத் தாவி ஏறிய தாத்தாவுக்குப் பத்து ஆண்டு கூடியிருக்கிறது. சேஸ் வண்டிகள் எல்லாமே உயரமானவை. ஹைகிராஸின் தாழ்ந்த வாசல்படி முழங்கால் வலிக்காரருக்குக் கிடைக்கும் வரம்.

மலைப்பாதையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. உயரமான சேஸ் வண்டி ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கம் சாய்ந்து நிமிரும். முன்னால் ஓட்டுகிறவருக்கு அது தெரியாது. பின்வரிசைக் குழந்தை பாலித்தீன் பை கேட்கும்போதுதான் தெரியும். எண்டேவர் இதில் மற்ற சேஸ் வண்டிகளைவிட மேல் என்று பெயர் வாங்கியது. ஆனாலும் எக்ஸ்யூவி 700-உம் சஃபாரியும் இந்தச் சாலைகளில் அதைவிட மேல். வெள்ளத்துக்காகத்தான் உயரமான வண்டி என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: 800 மில்லிமீட்டர் என்பது மெதுவாக, அலை எழுப்பாமல் போகும்போது உள்ள எண். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பல தெருக்களில் தண்ணீர் அதற்கும் மேலே நின்றது. எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் எந்த எஸ்யூவியும் ஒன்றுதான். காப்பீட்டில் எஞ்சினுக்கான தனிப் பிரிவைச் சேர்த்திருந்தால் அதுதான் அப்போது உதவும்.

இந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்த்தால், ஊர்வழிப் பயணமும் நகரமுமாக இருக்கும் குடும்பங்களுக்கு ஹைகிராஸ் அல்லது சஃபாரி, ஓட்டும் சுகம் முக்கியம் என்றால் எக்ஸ்யூவி 700, மண்பாதைத் தோட்டம் உண்மையிலேயே இருந்தால் ஸ்கார்ப்பியோ-என் என்ற இடத்தில்தான் பெரும்பாலும் வந்து நிற்கும். 50 லட்சம் செலவழிக்க மனமும் வசதியும் உள்ளவருக்கு ஃபார்ச்சூனர் பாதுகாப்பான முதலீடு; எண்டேவரின் சொகுசை அதில் எதிர்பார்க்காமல் இருந்தால் சரி.

இன்னொரு வழி இருக்கிறது, ஷோரூம்காரர்கள் சொல்லமாட்டார்கள். வைத்துக்கொள்வது.

தயாரிப்பை நிறுத்தினாலும் சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்றுதான் ஃபோர்டு விலகும்போது சொன்னது. சர்வீஸ் சென்டர்கள் குறைந்திருக்கின்றன, ஆனால் ஃபோர்டு பட்டறைகளில் வேலை பார்த்துத் தனியே கடை போட்ட மெக்கானிக்குகள் பெரிய ஊர்களில் உண்டு. அப்படி ஒருவரைத் தேடும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று. 2.2, 3.2 எஞ்சின்களின் ஆயில் பம்ப் வகை அப்படிப்பட்டது: பழைய ஆயிலை வடித்துவிட்டு நீண்ட நேரம் அப்படியே விட்டால் பம்ப்பில் இருக்கும் ஆயிலும் இறங்கிவிடும், பிறகு எஞ்சினைக் கிளப்பினால் ஆயில் அழுத்தம் ஏறாமல் எஞ்சினே சேதமாகலாம். பத்து நிமிடத்துக்குள் புது ஆயில் ஊற்றிவிட வேண்டும் என்பது ஃபோர்டின் அறிவுரை. ஆயில் மாற்றும்போது எவ்வளவு நேரம் வடியவிடுவீர்கள் என்று கேட்டால், நன்றாகச் சொட்டச் சொட்ட, சாப்பிட்டு வரும்வரை என்று பதில் வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம்.

பராமரிப்புக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ஒதுக்குவதாக வைத்துக்கொண்டாலும் ஐந்து ஆண்டில் 5 லட்சம். புது 40 லட்ச வண்டியின் வாழ்நாள் வரியே 8 லட்சம் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நன்றாக ஓடும், விபத்தில் அடிபடாத, ஆயில் கணக்கு ஒழுங்காக வைத்திருக்கும் 3.2 லிட்டர் எண்டேவரை இப்போது விற்பதற்குப் பொருளாதாரக் காரணம் கண்டுபிடிப்பது கஷ்டம். முகப்பு விளக்கு, பம்பர், கண்ணாடி போன்ற வெளிப்பாகங்களுக்காகச் சில நேரம் காத்திருக்க நேரிடும் என்பதால், வீட்டில் வேறொரு சின்ன வண்டி இருந்தால் இந்த வழி இன்னும் எளிது. தினமும் அலுவலகத்துக்கு இதை நம்பித்தான் போக வேண்டும் என்றால் பேச்சு வேறு.

ஃபோர்டு திரும்பி வந்துவிடும், புது எவரெஸ்ட் இங்கே இறங்கும் என்று காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். 2022 மார்ச்சில் வெளியான அந்த மூன்றாம் தலைமுறையை வேறு நாடுகளில் மூன்று லிட்டர் வி6 எஞ்சினோடு விற்கிறார்கள். படங்களைப் பார்த்தால் ஆசை வருவது இயற்கை. 2024 செப்டம்பரில் மறைமலை நகர் ஆலையை ஏற்றுமதிக்காக மீண்டும் பயன்படுத்தப்போவதாக ஃபோர்டு தமிழ்நாடு அரசிடம் விருப்பக் கடிதம் கொடுத்தது. 2025 அக்டோபரில் அது தெளிவானது: 3,250 கோடி ரூபாய் முதலீடு, ஆண்டுக்கு 2,35,000 எஞ்சின், உற்பத்தித் தொடக்கம் 2029. எஞ்சின் மட்டும்தான், கார் என்ற சொல் அதில் இல்லை.

2016இன் முதல் எண்டேவர்களுக்கு 15 ஆண்டுப் பதிவு முடிவது 2031இல். அப்போது தகுதிச் சான்று வாங்க வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போகும் எண்டேவர்களில் சில, ஜி.எஸ்.டி. சாலையில் அந்த எஞ்சின் ஆலையின் வாசலைத் தாண்டித்தான் போகும்.